ஒன்பது ஆமைகள் வந்த வீடு

புஷ்பவள்ளி அக்காவுக்கு ஃபேக்டரி வேலை போனபோது வயது முப்பத்திரண்டு. எங்கள் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஆள்குறைப்பு நடந்த 1985ஆம் வருடம் அது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்து, மின்னணுச் சில்லுகளில் தலைமுடியைவிடச் சன்னமான கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தவர், ஒரு சாயங்காலம் நீலக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அந்த அடுக்குமாடியில் அவர் வீட்டுக்கு நேர் கீழ் வீடு என்னுடையது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மேல் வீட்டில் கரண்டி விழுந்தாலும் எனக்குக் கேட்கும். அதனால் இதில் பாதி என் காதில் விழுந்தது. மீதி, மாடிப்படியில் நின்று அவரே சொன்னது.

அக்கா பிறந்தது சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். கணவர் சுப்பையா அண்ணன், ஜெலுத்தோங்கில் ஒரு வொர்க்‌ஷாப்பில் கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் பழுது பார்ப்பவர். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் உழைத்தால்தான் வீடு நடக்கும் என்பதால், வேலை போன மாதமே அக்கா வேறு இடம் தேட ஆரம்பித்தார். ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் அப்போது ஒரு சின்னத் தனியார் விலங்குப் பூங்கா இருந்தது. கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் என்று யாரோ சொல்ல, போய் நின்றார்.

அங்கே மேலாளராக இருந்தவர் குலசேகரம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பொறுப்பை ஏற்றவர். எப்போதும் வெள்ளைக் கால்சட்டை. அக்காவை நிமிர்ந்து பார்த்து முதலில் கேட்டது இதுதான்:

“பிள்ளை, பாம்புக்குப் பயமோ?”

“பயந்தான் சார்.”

“முதலைக்கு?”

“பக்கத்துல பார்த்ததில்ல சார்.”

“நல்லது. உண்மை சொல்லுறாய். மற்ற ஆக்கள் எல்லாம் பயமில்லை எண்டு வந்துட்டு ஒரு கிழமையில வேலையை விட்டுட்டினம். நாளைக்கு வா.”

அப்படித்தான் அவர் ஊர்வன பகுதிக்குப் போனார். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் நோர்மா, பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துவிட்டு வந்த இளம்பெண். இரண்டு பேரும் மலாயில் பேசிக்கொள்வார்கள். நோர்மா அவரை ‘கக்’ என்று அழைப்பார், அக்கா என்பது போல.

பாம்புக் கூண்டுகளுக்குப் பின்னால் ஒரு சிமெந்துக் குளம் இருந்தது. அதில் மூன்று பெரிய ஆமைகள். இரண்டு பெண், ஒரு ஆண். பெண்கள் இரண்டும் முறம் அளவு அகலம். பழுப்பு நிறம், மூக்கு மட்டும் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கும். ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையின் தொட்டியில் இருந்து மீட்கப்பட்டவை. ஆண் ஆமையை சுங்கை மூடா ஆற்று மீனவர் அப்துல் ஹமீது, வலையில் சிக்கியதை வெட்டாமல் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மலாயில் இவற்றுக்குத் துந்தோங் என்று பெயர். பெண் ஆமை மணலில் முட்டையைப் புதைத்துவிட்டு, உடம்பைத் தூக்கித் தூக்கி ‘துங் துங்’ என்று மணலை இடித்து மூடுமாம். அந்தச் சத்தமே பெயராகிவிட்டது.

“டைனோசர் காலத்துல இருந்து வர்ற வம்சம், கக்,” என்றார் நோர்மா. “முன்னே ஆத்துக்கு ஆறு கூட்டம் கூட்டமா இருந்துச்சு. முட்டையைத் தின்னே முடிச்சிட்டோம். மணலையும் அள்ளிட்டோம்.”

“இப்ப எத்தனை இருக்கும்?”

“யாருக்கும் தெரியாது. இந்த மூணும் இங்க இருக்கு, அது தெரியும்.”

அக்காவுக்கு அது எதுவும் மனதில் ஒட்டவில்லை. ஆமை ஒரு வீட்டுக்குள் வந்தால் அந்த வீடு விளங்காது என்று கேட்டு வளர்ந்தவர் அவர். தோட்டத்தில் மழைக்கு ஒதுங்கி ஒரு ஆமை வாசலில் வந்துவிட்டால் அவருடைய அம்மா துடைப்பத்தோடு ஓடுவாராம். முதல் சில மாதங்கள், வேலை முடிந்து வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவார். என் வீட்டுக் குழாயில் அந்த நேரம் தண்ணீர் நூலாக ஒழுகும். சுப்பையா அண்ணனின் அக்கா வடிவம்மாள், டத்தோ கிராமாட்டில் இருந்து வரும்போதெல்லாம், “கைய நல்லா கழுவுனியா?” என்று கேட்காமல் தேத்தண்ணீர் வாங்கமாட்டார்.

அந்த வருடக் கடைசியில் ஒருநாள் காலை, குளத்தைக் கழுவப் போன அக்கா, தண்ணீருக்கு அடியில் வெள்ளையாக நீள நீளமாக ஏதோ கிடப்பதைப் பார்த்தார். முட்டைகள். பாதி உடைந்து, மஞ்சள் கரு தண்ணீரில் பரவிக் கிடந்தது. பெரிய பெண் ஆமை ஓர் ஓரமாகச் சிமெந்துச் சுவரை முன்னங்காலால் பிறாண்டிக்கொண்டிருந்தது.

“ஏறிப் போறதுக்கு மணல் இல்ல, கக்,” என்றார் நோர்மா. “எவ்வளவு நாள்தான் அடக்கி வெச்சிருக்கும்? தண்ணியிலயே விட்டுடுச்சு.”

அந்தப் பிறாண்டல் சத்தம் தன்னை விடவே இல்லை என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். அன்றிலிருந்துதான் அவருக்கு அந்த ஆமைகள் வேலையின் ஒரு பகுதியாக இல்லாமல் வேறு ஏதோவாக ஆயின. குலசேகரம் சாரைப் பிடித்து, அவர் முதலாளியைப் பிடித்து, கடைசியில் இரண்டு லாரி ஆற்று மணல் வந்தது. குளத்தின் ஒரு பக்கச் சுவரை இடித்துச் சரிவாக மேடு போட்டார்கள். ஆமைகள் ஏறிப் பார்த்தன, இறங்கிவிட்டன. மறுபடி முட்டைக் காலம் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தக் காலம் வந்தபோது நோர்மா ஒரு பயிற்சிக்காகக் கோலாலம்பூர் போயிருந்தார். ஒரு காலை மணல்மேடு கலைந்து கிடந்தது. அக்கா குந்தி உட்கார்ந்து கையால் தோண்ட, உள்ளே வரிசையாக முட்டைகள், ஒன்றுகூட உடையாமல். மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழையில் மணல் ஊறிப்போகுமே என்று பயந்து, எல்லாவற்றையும் எடுத்து, ஈரமணல் போட்ட பெட்டியில் அடுக்கிச் சாமான் அறையில் வைத்தார். தோட்டத்தில் கோழி வளர்த்தவர் அல்லவா? அடைக்கோழி தன் முட்டைகளை அலகால் புரட்டிப் புரட்டி விடும் என்பது அவருக்குத் தெரியும். தினமும் காலையில் வந்ததும் கையைக் கழுவி, ஒவ்வொரு முட்டையையும் பதமாகப் புரட்டி வைத்தார். கம்பி ஒட்டிய கை. ஒரு கீறல் விழவில்லை.

நோர்மா திரும்பி வந்த அன்று அக்கா பெருமையோடு பெட்டியைத் திறந்து காட்டினார். புரட்டியதையும் சொன்னார். நோர்மாவின் முகம் மாறியது.

“தினமும் புரட்டுனீங்களா?”

“ஆமா. ஒரு நாள்கூட விடல.”

நோர்மா பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: கோழி முட்டை வேறு, ஆமை முட்டை வேறு. ஆமைக் குஞ்சின் உயிர் முட்டை ஓட்டின் மேல்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைத் தலைகீழாக்கினால் உள்ளே மூழ்கிச் செத்துவிடும்.

பொரிக்க வேண்டிய நாள்கள் போயும் ஒரு முட்டையும் பொரியவில்லை. இனிப் பொரியாது என்று உறுதியான அன்று சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து அக்கா அழுத அழுகையை நான் மறக்கமாட்டேன். “நல்லது செய்யறேன்னு நெனச்சு என் கையாலயே கொன்னுட்டேன் டீச்சர்,” என்றார். மறுநாள் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லப் போனார்.

“நீங்க போயிட்டா அடுத்த வருஷம் யாரு பார்ப்பா?” என்று நோர்மா கேட்டாராம். “புரட்டக்கூடாதுன்னு நான் சொல்லிட்டுப் போயிருக்கணும். எனக்கே தோணல. உங்களுக்கு எப்படித் தெரியும்?” பிறகு குலசேகரம் சார் வந்து, “பிள்ளை, இனிமேல் இந்தப் பிழை உன்னால வராது. புது ஆள் வந்தால் முதல்லயிருந்து எல்லாப் பிழையும் விடும்,” என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கிவிட்டார்.

அதற்கடுத்த முறை, 1988 ஜனவரியில், பெரிய ஆமை மறுபடி மணலேறி முட்டையிட்டது. இந்தத் தடவை யாரும் தொடவில்லை. உடும்பு தோண்டாமல் இருக்க மேலே கம்பி வலை. மழைக்கு ஒரு தகரக் கூரை. அக்கா வேலை நடுவில் பத்து முறையாவது போய் எட்டிப் பார்ப்பார். கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஏப்ரல் மாதம் ஒரு மத்தியானம் மணலில் ஒரு குழி மெல்ல உள்வாங்கியது. குழிக்குள் ஒரு மூக்கு. மேல்நோக்கி வளைந்த சின்ன மூக்கு.

அவர் கத்திய கத்தலில் பார்வையாளர்கள் பாம்பு வெளியே வந்துவிட்டது என்று நினைத்து ஓடினார்களாம். குலசேகரம் சார் வெள்ளைக் கால்சட்டையோடு மணலில் மண்டியிட்டு உட்கார்ந்து, “முருகா, முருகா,” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மொத்தம் பதினொரு குஞ்சுகள். உள்ளங்கையில் அடங்கும் அளவு.

அந்தச் சந்தோஷம் நான்கைந்து மாதம்தான். ஆகஸ்டில் சுப்பையா அண்ணன், பழுது பார்த்த ஒரு மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பார்க்கப் போய், லாரியில் அடிபட்டுக் கால் எலும்பை உடைத்துக்கொண்டார். தொடைவரைக்கும் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வடிவம்மாள் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“நான் அப்பவே சொன்னேன் லா! ஆமையத் தொட்டுட்டுத் தொட்டுட்டு வீட்டுக்கு வர்றா. இப்ப பாரு. கால் போச்சு.”

“கால் போகல அக்கா, உடைஞ்சிருக்கு,” என்றார் அண்ணன். ஆனால் வடிவம்மாள் போன பிறகு மனைவியிடம் அவரும் கேட்டார்: “வள்ளி, வேற வேலை பார்க்கலாமா?”

“நீங்க படுத்திருக்கீங்க. நானும் வேலைய விட்டா எப்படிங்க?”

மறுநாளும் அக்கா வேலைக்குப் போனார். ஆனால் வீட்டில் ஏதோ ஒன்று கனத்துப்போனது எனக்குக் கீழே இருந்தே தெரிந்தது.

செப்டம்பரில் ஒரு வாரம் விடாத மழை. மலையில் இருந்து வரும் ஓடை பூங்காவின் பின்சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. பெரிய ஆமைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குஞ்சுகள் இருந்த தொட்டிகள் சேற்றில் மூழ்கிவிட்டன. அக்காவும் நோர்மாவும் முழங்கால் சேற்றில் கையை விட்டுத் துழாவி, ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒன்பது கிடைத்தன. இரண்டு கிடைக்கவே இல்லை. தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, பம்ப்பும் போய்விட்டது. குஞ்சுகளுக்குச் சுத்தமான தண்ணீர் இல்லாவிட்டால் தாங்காது. நோர்மா இருந்தது வாடகை அறையில். குளியலறை ஆறு பேருக்குப் பொது. குலசேகரம் சார் வீட்டில் மூன்று நாய்கள்.

“என் வீட்டுக்குக் கொண்டு போறேன்,” என்றார் அக்கா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்ததாம்.

பூங்கா வேனில் இருந்து, துண்டு போட்டு மூடிய பெரிய பேசினோடு அவர் மாடியேறி வந்தபோது நான் படியில் நின்றிருந்தேன். உடம்பெல்லாம் சேறு. நேரம் பார்த்து வடிவம்மாளும் உள்ளே இருந்தார்.

“என்ன அது?”

“குஞ்சுங்க அக்கா. பூங்காவுல வெள்ளம். ரெண்டே நாளு.”

“என்ன குஞ்சு?” வடிவம்மாள் துண்டைத் தூக்கிப் பார்த்தார். “ஐயோ! ஆமையவா வீட்டுக்குள்ள கொண்டு வர்ற? அவன் கால ஒடைச்சது போதாதா?”

“இதுங்களுக்குப் போக வேற இடம் இல்ல அக்கா.”

“அப்ப எனக்கும் இங்க இடம் இல்ல. இனி இந்த வாசப்படிய மிதிக்கமாட்டேன்.” செருப்பை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டி இறங்கிப் போய்விட்டார்.

அக்கா பேசினோடு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். அழவில்லை. கட்டிலில் இருந்த கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எத்தனை?”

“ஒம்பது.”

“பாத்ரூம்லயே இருக்கணும். ஹாலுக்கு ஒண்ணு வரக்கூடாது. சொல்லிட்டேன்.”

இரண்டு நாள் இரண்டு மாதம் ஆனது. சேறு அள்ளவும் சுவர் கட்டவும் அக்கா காலையிலேயே பூங்காவுக்குப் போய்விடுவார். வீட்டில் அண்ணனும் ஆமைகளும். மாவுக்கட்டோடு குளியலறைக்குப் போவதென்றால் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து காலை வெளியே நீட்டிக்கொள்ள வேண்டும். கழுத்தைத் திருப்ப இடமில்லை. எதிரே ஒன்பது ஜோடிக் கண். முதலில் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அப்புறம் ஒருநாள், பள்ளி விடுமுறையில் வீட்டில் இருந்தபோது, மேலே இருந்து அண்ணனின் குரல்:

“டேய், அவன் கீரைய ஏண்டா புடுங்குற? உனக்குத்தான் அந்தப் பக்கம் போட்டிருக்கே!”

யாரோ சின்னப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் போலும் என்றுதான் நினைத்தேன்.

ஒன்பதில் ஒன்று மட்டும் ரொம்பச் சின்னது. அது கங்கோங் கீரையைத் தொடவில்லை. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குள் காலை வைக்கும் முன்பே அண்ணன் சொன்னாராம்: “வள்ளி, சின்னது ஒண்ணு முடியாம இருக்கு. அந்த நோர்மாவ வரச் சொல்லு.”

நோர்மா வந்து பார்த்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். “மருந்தைவிட வெயில் முக்கியம், அண்ணே. வெயில் படலன்னா இதுங்களுக்கு உடம்பு தேறாது. முதுகு ஓடும் மெத்துனு போயிடும். பாத்ரூம்ல வெயில் ஏது?” என்றார்.

மறுநாள் வொர்க்‌ஷாப் நண்பர்கள் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்கள். காருக்கு அடியில் படுத்து உருண்டுகொண்டு போவார்களே, சக்கரம் வைத்த அந்தப் பலகை. அதன்மேல் பேசினை வைத்து, ஒரு கயிறு கட்டி, கக்கத்தில் ஊன்றுகோலோடு அண்ணன் அதைக் குளியலறையில் இருந்து ஹால் வழியாக வெளி நடைபாதைக்கு இழுத்து வந்தார். காலையில் நடைபாதையின் இந்தக் கோடியில் வெயில் விழும்; மத்தியானத்துக்குள் நகர்ந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். அண்ணனும் பலகையும் கூடவே நகர்வார்கள். கடகடவென்று சக்கரச் சத்தம் என் தலைக்கு மேல் கேட்கும். மாடிக்கு மாடி ஆள்கள் வந்து பார்த்தார்கள். மூன்றாம் மாடியில் இருந்த மலாய்க்காரப் பெண் சித்தி ஹாஜரா தன் வீட்டு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். யாராவது அந்தச் சின்ன ஆமையைத் தொடப் போனால் அண்ணன் ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டுவார்.

“பார்க்கலாம். தொடக்கூடாது. அவ இப்பத்தான் தேறி வர்றா.”

“அவளா? பொம்பளைன்னு எப்படிண்ணே தெரியும்?” என்று நான் கேட்டேன்.

“பிடிவாதத்தப் பாத்தா தெரியலயா டீச்சர்?”

ஒரு வாரத்தில் கண் திறந்தது. அடுத்த நாள் ஒரு துண்டு வாழைப்பழத்தைக் கடித்தது. அண்ணன் தரையில் கையால் அடித்துச் சிரித்தது கீழே வரைக்கும் கேட்டது. அன்று அக்கா வீடு திரும்பியபோது அண்ணன் செய்தி சொன்ன வேகத்தில் ஊன்றுகோலை எடுக்க மறந்து இரண்டு அடி வைத்துவிட்டார். அக்கா அவரைப் பிடித்து உட்கார வைத்துத் திட்டினார். திட்டும்போதே அழுதார்.

தீபாவளிக்கு முன்பு மாவுக்கட்டைப் பிரித்தார்கள். பண்டிகை அன்று காலையில் வடிவம்மாள் முறுக்கு டின்னோடு வந்தார். சொன்ன சொல் மாறாமல் வாசப்படிக்கு வெளியே நின்றார். தம்பி எழுந்து, கொஞ்சம் நொண்டினாலும், தானே நடந்து வாசலுக்கு வந்ததைப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டது.

“தண்ணிமலை முருகனுக்கு வேண்டிக்கிட்டேன்டா. அதான் நடக்குற.”

“சரிக்கா. அப்படியே இருக்கட்டும்.”

அண்ணனுக்குப் பின்னால், ஹால் நடுவில், பலகைமேல் பேசின் இருந்தது. ஒன்பது தலைகளும் சத்தம் வந்த பக்கம் திரும்பின. வடிவம்மாள் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதுங்க முறுக்கு திங்குமா?” என்றார்.

“திங்காதுக்கா. கீரைதான்.”

“நாளைக்கு பசாருக்குப் போவேன். கங்கோங் வாங்கியாரட்டா?” உள்ளே வரவில்லை. ஆனால் மறுநாள் ஒரு கட்டு கங்கோங் கதவுப் பிடியில் தொங்கியது.

அதே மாதம் குஞ்சுகள் பூங்காவுக்குத் திரும்பின. கூடவே சுப்பையா அண்ணனும் போனார். பழைய இன்ஜின் ஒன்றைப் பிரித்து, தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு பம்ப் செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை வீட்டில் பார்க்க முடியாது.

மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகிறது என்று நோர்மா எங்கிருந்தோ படித்துவிட்டு வந்தார். நிழல் மணலில் பொரித்தால் ஆண்களே அதிகம் வருமாம். மேட்டுக்கு நிழல் தந்த அங்சானா மரத்தின் கிளைகளைக் கழித்தார்கள். தகரக் கூரையை, மழைக்கு மட்டும் இழுத்து மூடும்படி அண்ணன் மாற்றினார். அதன்பின் ஒவ்வொரு வருடமும் குஞ்சுகள் வந்தன. சில வருடம் நிறைய, சில வருடம் இரண்டோ மூன்றோ.

முதல் ஒன்பதும் சாப்பாட்டுத் தட்டு அளவு வளர்ந்ததும், 1993இல், அனுமதி வாங்கி சுங்கை மூடாவில் விட்டார்கள். அப்துல் ஹமீது தன் படகில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த ஆற்று மீனவர்கள் எல்லோரிடமும், வலையில் சிக்கினால் அறுத்தாவது விட்டுவிடுங்கள் என்று அவரே வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தார். நானும் அன்று போயிருந்தேன். மற்ற எட்டும் தண்ணீர் பட்டதும் மறைந்தன. அந்தச் சின்னதை அண்ணன் கையில் வைத்திருந்தார். குனிந்து தண்ணீரில் இறக்கினார். அது ஒரு உதை உதைத்துவிட்டுப் போயே போய்விட்டது.

“ஒரு தடவ திரும்பிப் பாத்தாளா பாரு,” என்றார் அண்ணன்.

“எதுக்குத் திரும்பணும்? போகத்தானே கொண்டு வந்தோம்,” என்று அக்கா சொன்னார். ஆனால் படகு திரும்பும்போது இரண்டு பேரும் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மூன்று வருடம் கழித்து முதலாளி பூங்காவை மூடினார். இடம் வீடுகளுக்குப் போய்விட்டது. குலசேகரம் சார் இரண்டாவது முறை ஓய்வு பெற்றார். பெரிய ஆமைகளும், ஆற்றில் விட இன்னும் வளராத சின்னவையும், கடலுக்கு அந்தப் பக்கம் ஆற்றோரமாக இருந்த ஒரு ஆமை வளர்ப்பு நிலையத்துக்குப் போயின. அங்கே ஏற்கெனவே நோர்மா போய்ச் சேர்ந்திருந்தார். ஆமைகளை ஒப்படைக்கப் போன அக்காவை அவர்கள் திருப்பி அனுப்பவில்லை.

இப்போது அக்கா தினமும் காலை ஃபெரி பிடித்து பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பஸ் ஏறுகிறார். நாற்பத்தைந்து வயதாகிவிட்டது, முட்டி வலிக்கிறது என்கிறார். அந்த நிலையத்தில் இந்த வருடம் ஏழு இடத்தில் முட்டை. அதில் மூன்று, பூங்காவில் பிறக்காத, ஆற்றில் இருந்து தானாகக் கரையேறி வந்த ஆமைகளுடையவை. நிலையத்தை ஒட்டிய ஆற்று வளைவில் மணல் அள்ளுவதை நிறுத்தியதால் வருகின்றன என்று நோர்மா சொல்கிறாராம்.

நேற்று மாடிப்படியில் பார்த்தபோது, “சனிக்கிழமை வர்றீங்களா டீச்சர்? பொரியிற நேரம்,” என்று அக்கா கேட்டார். வருகிறேன் என்றேன். மாற்றுச் செருப்பு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். கரையில் சேறு அதிகமாம்.